அப்பப்பா பிறந்த ஊர்

எங்கள் வீட்டில் மூன்று பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள் உள்ளன. முதலாவது அக்காவுடையது, 1956 ஆம் ஆண்டுக்குரியது. இரண்டாவது என்னுடையது, 1958. மூன்றாவது தம்பியுடையது, 1965. மூவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆகவே எங்கள் மூவருக்கும் தந்தைவழிப் பாட்டனார் ஒருவரே. ஆனால் அந்த ஒரே மனிதர் மூன்று பத்திரங்களிலும் மூன்று இடங்களிற் பிறந்திருக்கிறார். அக்காவின் பத்திரத்தில் ‘கோறளைப்பற்று’ என்று இருக்கிறது. என்னுடையதில் ‘வாழைச்சேனை’. தம்பியுடையதில் ‘சித்தாண்டி’.

பேரப்பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் பாட்டனார் பிறந்த இடம் எதற்கு என்று இலங்கைக்கு வெளியே உள்ள வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. இலங்கையின் பிறப்புப் பதிவுப் படிவத்தில் தந்தை, தாய் விபரங்களுக்குப் பின்னர் இன்னும் இரண்டு கூடுகள் இருந்தன. பாட்டனார் இலங்கையிற் பிறந்திருந்தால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஆகியவற்றை முதற் கூடு கேட்டது. தந்தை இலங்கையிற் பிறக்காதவராயின், பூட்டனார் இங்கே பிறந்தவரா என்று அடுத்த கூடு கேட்டது. பெரும்பாலானோர் இந்தக் கூடுகளைப் பெயர் எழுதி நிரப்பியதோடு மறந்துவிட்டார்கள். ஆனால் அவற்றின் பின்னால் ஒரு சட்டத்தின் வரலாறு இருக்கிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

கனடாவில் வாழும் தம்பியின் மகள் ஒருநாள் தொலைபேசியில் அழைத்து, “பெரியப்பா, இந்த மூன்றில் எது சரி?” என்று கேட்டாள். தன் பிள்ளைகளுக்குக் குடும்ப வரலாறு எழுதிவைக்க விரும்புகிறாள். என் கையிலிருந்த பத்திரங்களின் பிரதிகளை நான்தான் அவளுக்கு அனுப்பியிருந்தேன். “குடிசன மதிப்பீட்டில் பார்த்தால் தெரியாதா?” என்று அடுத்த கேள்வியையும் கேட்டாள்.

அவள் வாழும் நாட்டில் அப்படிப் பார்க்கலாம். கனடாவில் 92 ஆண்டுகள் கழிந்ததும் குடிசன மதிப்பீட்டுப் படிவங்கள் பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. 1931 ஆம் ஆண்டுப் படிவங்கள் 2023 இல் வெளிவந்தன. அமெரிக்காவில் 72 ஆண்டுகள். அங்கே 1950 ஆம் ஆண்டுப் படிவங்கள் 2022 இல் திறக்கப்பட்டன. இங்கிலாந்தின் 1921 ஆம் ஆண்டுப் படிவங்களும் அதே 2022 இலேயே மக்கள் கைக்கு வந்தன. வீட்டில் இருந்தவர்களின் பெயர், வயது, தொழில், பிறந்த இடம் ஆகியவற்றை அவற்றிற் காணலாம்.

நம் நாட்டில் அந்த வழி இல்லை. இலங்கை முழுவதற்குமான முதலாவது முறையான குடிசன மதிப்பீடு 1871 மார்ச் 27 ஆம் திகதி எடுக்கப்பட்டது. அதன்பின் பத்தாண்டுக்கு ஒருமுறை என்ற ஒழுங்கு பெரும்பாலும் பேணப்பட்டது. ஆனால் மக்களுக்குக் கிடைப்பன அட்டவணைகளே. இந்தப் பற்றில் இத்தனை ஆண்கள், இத்தனை பெண்கள், இந்த இனத்தவர் இத்தனை பேர் என்று எண்கள் இருக்கும். கோறளைப்பற்றின் அட்டவணையில் என் அப்பப்பாவும் ஓர் இலக்கமாக இருக்கிறார். அந்த இலக்கத்துக்குள் இருந்து அவரைப் பிரித்தெடுக்க எவராலும் இயலாது.

அந்த எண்களையும் இடம் அறிந்துதான் படிக்க வேண்டும். ஆங்கிலேயர் காலக் கணக்கெடுப்புகளில் ஒருவர் குறித்த இரவில் எங்கே தங்கினாரோ அங்கேயே எண்ணப்பட்டார். 1871 தொடக்கம் 1953 வரையான மதிப்பீடுகள் பெப்ரவரி, மார்ச் மாதங்களிலேயே எடுக்கப்பட்டன. மட்டக்களப்பில் அது பெரும்போக அறுவடைக் காலம். ஆண்களிற் பலர் வீட்டில் இருக்கமாட்டார்கள். வயல்வாடியில் காவலிருப்பார்கள், சூடு மிதிப்பார்கள். கணக்கெடுப்பு இரவில் ஒரு விவசாயி எந்த ஊரில் இருந்தார் என்பதை வைத்து அவருடைய சொந்த ஊரைச் சொல்ல முயன்றால், அவருடைய வயலைத்தான் நாம் கண்டுபிடிப்போம்.

படிவங்கள் திறக்கப்பட்ட நாடுகளிலும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. இங்கிலாந்தில் 1851 தொடக்கம் ஒவ்வொருவரும் பிறந்த திருச்சபைப் பங்கின் பெயர் கேட்கப்பட்டது. அங்கே மூதாதையரைத் தேடுபவர்கள் அனைவரும் அறிந்த செய்தி ஒன்றுண்டு. ஒரே மனிதர் 1851 இல் ஓர் ஊரைச் சொல்வார், 1861 இல் வேறோர் ஊரைச் சொல்வார், 1871 இல் அருகில் உள்ள பட்டணத்தைச் சொல்லிவிடுவார். சிலருக்குத் தாம் பிறந்த சிற்றூரின் பெயர் கணக்கெடுக்க வந்தவருக்குப் புரியாது என்ற எண்ணம். சிலருக்கு வளர்ந்த ஊரே பிறந்த ஊர். வேறு சிலருக்கோ அச்சம். அக்காலத்து வறியோர் சட்டத்தின்படி, உதவி கேட்டு நின்ற ஏழையை அவருக்கு உரித்துடைய பங்குக்குத் திருப்பி அனுப்பும் அதிகாரம் உள்ளூர் ஆட்சிக்கு இருந்தது. அப்படியிருக்க, இருக்கும் ஊரையே பிறந்த ஊராகச் சொல்வது பாதுகாப்பு.

பத்திரிகைத் தொழிலில் நாங்கள் இளம் நிருபர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு பாடம் இங்கே பொருந்தும். இரண்டு தகவல்கள் முரண்பட்டால், எது உண்மை என்று உடனே கேட்கக்கூடாது. யார் சொன்னது, யாரிடம் சொன்னது, எந்த நேரத்தில் சொன்னது என்று முதலிற் கேட்க வேண்டும். எங்கள் மூன்று பத்திரங்களையும் அப்படியே எடுத்து வைத்துப் பார்த்தேன். நல்ல வேளையாக, பிறப்புப் பத்திரத்தில் அறிவித்தவரின் பெயரும் இருக்கிறது.

அக்கா பிறந்ததைப் பதிவாளருக்கு அறிவித்தவர் அம்மப்பா, அதாவது என் தாயாரின் தந்தையார். தன் சம்பந்தி பிறந்த இடம் எது என்று அவருக்குத் திட்டமாகத் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லும் மனிதரும் அல்லர் அவர். ஆகவே பற்றின் பெயரைச் சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்துக் கோறளைப்பற்று பெரியது. இன்று அது கோறளைப்பற்று, வடக்கு, மேற்கு, தெற்கு, மத்தி என ஐந்து பிரதேச செயலாளர் பிரிவுகளாகப் பிரிந்து கிடக்கிறது. வாகரையும் அதற்குள் அடக்கம், ஓட்டமாவடியும் அடக்கம், கிரானும் அடக்கம். ஆனால் சித்தாண்டி அதற்குள் இல்லை. சித்தாண்டி ஏறாவூர்ப்பற்றைச் சேர்ந்தது. எனவே அக்காவின் பத்திரம் சரியென்றால் தம்பியின் பத்திரம் பிழை. இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்க வழியில்லை.

என் பத்திரத்திலும் தம்பியின் பத்திரத்திலும் அறிவித்தவர் ஒருவரே: எங்கள் அப்பா. 1958 இல் ‘வாழைச்சேனை’ என்று சொன்னவர், ஏழு ஆண்டுகள் கழித்து ‘சித்தாண்டி’ என்கிறார். தன் சொந்தத் தகப்பன் பிறந்த ஊரை ஒரு மனிதன் ஏன் மாற்றிச் சொல்ல வேண்டும்? அப்பப்பா 1947 இல் காலமானவர். ஆகவே அவரிடம் கேட்டுத் தெளியும் வாய்ப்பு அப்பாவுக்கு இருக்கவில்லை. அவருடைய மரணப் பத்திரம் வயது ஐம்பத்தைந்து என்று சொல்கிறது. பிறந்த ஊரைச் சொல்லவில்லை. அவர் இறந்த அடுத்த ஆண்டில்தான் இந்த நாட்டின் சட்டம் பாட்டன்மார் எங்கே பிறந்தார்கள் என்று கேட்கத் தொடங்கியது.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அந்தத் திகதிக்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரஜையாக ஏற்கப்படுவதற்கு இங்கே பிறந்தது மட்டும் போதாது. அவருடைய தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனாரும் பூட்டனாரும் இங்கே பிறந்திருக்க வேண்டும். மலையகத் தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவழித் தமிழர்களைக் குறிவைத்தே இது எழுதப்பட்டது என்பதை வரலாறு அறிந்தோர் மறுக்கமாட்டார்கள். 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே தமிழர்கள் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று முதன்முதலாக இரண்டு நிரல்களிற் பிரிக்கப்பட்டிருந்தார்கள். அட்டவணையில் இழுத்த ஒரு கோடு முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து பிரஜாவுரிமையைப் பறிக்கும் கோடாயிற்று. எங்கள் பத்திரங்களில் இருக்கும் பாட்டனார் கூடு இந்தச் சட்டத்தின் பிள்ளை.

எங்கள் ஊரில் இதை அனுபவித்த ஒருவரை நான் அறிவேன். 1956 இல் உற்பத்தியைத் தொடங்கிய வாழைச்சேனைக் கடதாசி ஆலையின் கட்டட வேலைகளுக்குப் பல திசைகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த ஓர் இளைஞரும் அவர்களில் ஒருவர். வேலை முடிந்த பின்னும் ஊரிலேயே தங்கி, புகையிரத நிலையத்துக்கு அருகில் ஒரு தேநீர்க் கடை வைத்தார். அப்பாவின் நெருங்கிய நண்பர். நாங்கள் மாமா என்றே அழைப்போம். அவரும் இலங்கையிற் பிறந்தவர், அவருடைய தந்தையும் இலங்கையிற் பிறந்தவர். பாட்டனார்தான் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர். சட்டத்தின் சொற்களின்படி அவர் பிரஜை. ஆனால் தந்தை பிறந்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வேண்டும். தோட்டத்து லயத்தில் பிறந்த அந்தப் பிறப்பு பதியப்பட்டிருக்கவில்லை. பதியப்படாத பிறப்பு நிகழாத பிறப்பு என்று ஓர் அலுவலகம் அவருக்குச் சொல்லிவிட்டது.

அவர் மட்டுமல்லர். 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு மட்டுமே. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. நாடற்றவர்களாகக் கணக்கிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் பேசித் தீர்க்கப்படும் என்று அதில் எழுதப்பட்டது. அந்தக் கணக்கில் மாமா எந்தப் பக்கம் விழுவார் என்பதே அந்த மாதங்களில் எங்கள் வீட்டுத் திண்ணையின் பேச்சாக இருந்தது.

தம்பி பிறந்தது அதற்கு அடுத்த ஆண்டு. அப்பாவின் விடை மாறியதற்கு இதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன். நண்பருக்கு நேர்ந்ததைக் கண்ணால் கண்ட மனிதர், தன் தகப்பனுக்கும் ஓர் உறுதியான ஊர் வேண்டும் என்று தேடியிருக்கிறார். சட்டம் தந்தையின் தந்தையை, அவருடைய தந்தையைக் கேட்கிறது. அப்பாவும் அந்த வழியிலேயே சென்றார். பூட்டனார் சித்தாண்டியைச் சேர்ந்தவர் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. சித்தாண்டி முருகன் கோயிலுக்கு ஆண்டுதோறும் போகும் வழக்கமும் இருந்தது. ஆகவே தந்தைவழியின் ஊர் சித்தாண்டி, பதிவிலும் சித்தாண்டி. 1958 இல் சொன்ன ‘வாழைச்சேனை’யோ அப்பப்பா வாழ்ந்து மறைந்த ஊர். எவரும் மேற்கொண்டு கேள்வி கேட்காத விடை.

அப்பா பிற்காலத்தில் ஒருமுறை சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. “நான் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். அவனிடம் மட்டும் காட்டு என்றார்கள்” என்றார். மூன்று பத்திரங்களிலும் ஒன்றோடொன்று ஒவ்வாத மூன்று விடைகளைக் கொடுத்த குடும்பம் எங்களுடையது. அதற்காக எங்கள் பிரஜாவுரிமையை எவரும் ஐயுற்றதில்லை. ஒரேயொரு விடையை வாழ்நாள் முழுவதும் மாற்றாமற் சொன்ன மனிதரை எவரும் நம்பவில்லை. 1970களின் தொடக்கத்தில் அவர் குடும்பத்தோடு தலைமன்னார் சென்று, இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறினார். மண்டபம் முகாமிலிருந்து அப்பாவுக்கு ஒரு கடிதம் வந்தது. அதன்பின் தொடர்பு அறுந்துபோயிற்று.

இனி, அப்பப்பா உண்மையில் எங்கேதான் பிறந்தார்?

முதலில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். இலங்கையில் 1867 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு பிறப்பு, இறப்புப் பதிவு முறை தொடங்கியது. அப்பப்பா 1892 ஆம் ஆண்டளவில் பிறந்தவர் என்று மரணப் பத்திரத்தின் வயதைக் கொண்டு கணித்து, முன்னும் பின்னும் சில ஆண்டுகளைத் தேடுவித்தேன். பழைய ஏடுகளில் இன்னொரு தொல்லை உண்டு. பெயர் வைக்கும் முன்னரே பதியப்பட்ட பிறப்புகளில் பிள்ளையின் பெயர்க்கூடு வெறுமையாக இருக்கும். தகப்பன், தாய் பெயர்களைக் கொண்டுதான் அடையாளம் காணவேண்டும். கிடைக்கவில்லை. 1978 நவம்பர் 23 ஆம் திகதி அடித்த சூறாவளியும், அதன்பின் வந்த போரும், 2004 டிசம்பர் 26 ஆம் திகதியின் ஆழிப்பேரலையும் கடந்து வந்த மாவட்டம் இது. கடதாசி கிடைக்காததில் வியப்பில்லை.

கடதாசியை விட்டுவிட்டு எங்கள் ஊர்களின் வழக்கத்தை நினைத்துப் பார்த்தபோதுதான் தேடும் வழி புலப்பட்டது. மட்டக்களப்பில் குடி என்பது தாய்வழியே வருவது. பிள்ளை தகப்பனின் குடியைச் சேராது. தாயின் குடியைச் சேரும். தமிழர், முஸ்லிம்கள் இரு சாராரிடமும் இந்தத் தாய்வழிக் குடிமுறை உண்டு. பெரிய கோயில்களில் திருவிழா உரிமைகள் குடிகளுக்கென்றே வகுக்கப்பட்டிருக்கின்றன. வீ. சீ. கந்தையா அவர்கள் 1964 இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்ற நூலில் இவை பற்றிய செய்திகளைக் காணலாம். சொத்தும் அவ்வாறே சென்றது. முக்குவர் சட்டம் எனப்பட்ட பழைய வழமையில் முதுசம் சகோதரியின் பிள்ளைகளுக்கே சேரும். 1876 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அந்த வழமையின் சட்ட வலுவை நீக்கிய பின்னும், வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாக எழுதப்பட்டு, பெண்வழியிலேயே கைமாறி வந்தன. கலியாணமானதும் மாப்பிள்ளை பெண்வீட்டுக்குக் குடிவருவார்.

இதை எங்கள் குடும்பத்துக்குப் பொருத்திப் பாருங்கள். பூட்டனார் சித்தாண்டியிலிருந்து மனைவியின் ஊருக்குப் போனார். அங்கே பிறந்த அப்பப்பா, கலியாணம் செய்து வாழைச்சேனைக்கு வந்தார். வாழைச்சேனையிற் பிறந்த அப்பா, அம்மாவைக் கலியாணம் செய்து பேத்தாழைக்கு வந்தார். நாங்கள் பேத்தாழையிற் பிறந்தோம். தந்தைவழியே நான்கு தலைமுறையை எண்ணினால் நான்கு ஊர்கள், நான்கு குடிகள். சட்டம் கேட்ட வழியில் மட்டக்களப்பான் ஒருவன் பின்னோக்கி நடந்தால், ஒவ்வொரு தலைமுறைக்கும் ஓர் ஊர் மாறிக்கொண்டே போகவேண்டும். எங்கள் சமூகத்தின் ஞாபகமோ மறுவழியில் சேமிக்கப்பட்டிருக்கிறது. அப்பப்பா பிறந்த ஊரை அறிய வேண்டுமானால் அவருடைய தகப்பன் யார் என்று கேட்டுப் பயனில்லை. தாய் யார் என்று கேட்க வேண்டும். எங்கள் பத்திரங்கள் ஒன்றிலும் அந்தத் தாயின் பெயர் இல்லை. கேட்கப்படவே இல்லை.

அந்தப் பெயர் அக்காவுக்குத் தெரிந்திருந்தது. சிறுவயதில் அப்பம்மாவின் வாயாற் கேட்டிருக்கிறாள். அவர் கிண்ணையடியைச் சேர்ந்தவர் என்பதும் அவளுக்கு நினைவிருந்தது. கிண்ணையடி, வாழைச்சேனைக்கு அருகில் உள்ள வாவியோரக் கிராமம், கோறளைப்பற்றைச் சேர்ந்தது. அப்பப்பாவுக்கு ஒரு தங்கை இருந்தார் என்றும், தாயின் வளவு அவருக்கே சென்றது என்றும் அக்கா சொன்னாள். அது போதும். அந்தத் தங்கையின் மகளின் மகள் இன்றும் அதே வளவில் இருக்கிறார். எண்பதை நெருங்கும் வயது. எனக்கு மச்சாள் முறை.

“அந்தக் காலத்துல பிள்ளைப்பேறெல்லாம் தாய்ட வளவிலதானே. வேற எங்க மச்சான் பொறக்கிற?” என்று, இதென்ன கேள்வி என்பதுபோல என்னைப் பார்த்தார்.

வாய்ச்சொல் வாய்ச்சொல்தான். ஏதாவது எழுத்து இருக்கிறதா என்று கேட்டேன். சூறாவளியில் பழைய வீடு போய்விட்டது. ஆனால் உறுதிகளைத் தகரப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றியிருந்தார்கள். அவருடைய அம்மம்மாவின் சீதன உறுதி 1913 ஆம் ஆண்டுக்குரியது. நொத்தாரிசு எழுதிய உறுதிகளில், கொடுப்பவருக்கு அந்தக் காணி எவ்வாறு வந்தது என்பதும் எழுதப்படும். அதில், மகளுக்குக் கொடுக்கும் தாய்க்கு இந்த வளவு 1888 இல் தன் தாயிடமிருந்து சீதனமாகக் கிடைத்தது என்று இருக்கிறது. சாட்சிகளில் ஒருவராக அப்பப்பாவின் பெயரும் இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் போட்ட கையெழுத்து. ஆக, 1888 தொடக்கம் 1913 வரை அந்த வளவு பூட்டியின் கையில் இருந்திருக்கிறது. அப்பப்பா 1892 ஆம் ஆண்டளவில் பிறந்தவர். கலியாணத்தின்போது வளவைப் பெற்ற ஒரு பெண், நான்கு ஆண்டுகள் கழித்து வேறெங்கோ போய்ப் பிள்ளை பெற்றிருப்பாள் என்று கருத எங்கள் வழக்கத்தில் இடமில்லை.

நீதிமன்றம் கேட்கும் அத்தாட்சி இதுவன்று. உறுதி காணியைப் பற்றிப் பேசுகிறது. பிறப்பைப் பற்றிப் பேசவில்லை. ஆயினும் ஒருவருடைய சொல்லை மற்றவர் கேட்டுச் சொல்லாத இரண்டு சாட்சிகள், அதாவது அக்காவின் நினைவும் மச்சாளின் பெட்டியும், ஒரே வளவைக் காட்டுகின்றன. பத்திரிகையில் நான் இதை அச்சுக்குக் கொடுப்பேன். எங்கள் மூன்று பத்திரங்களில் உண்மைக்கு மாறில்லாதது, அதிகம் அறியாத அம்மப்பா சொன்ன ‘கோறளைப்பற்று’ ஒன்றே. அப்பா சொன்ன இரண்டில் ஒன்று அப்பப்பா வாழ்ந்த ஊர். மற்றொன்று அப்பப்பாவின் தகப்பன் ஊர். பிறந்த ஊர் எந்தக் கூட்டிலும் இடம்பெறவில்லை.

பிரஜாவுரிமைச் சட்டமும் தாய்மாரைக் கணக்கில் எடுக்க 2003 வரை காத்திருந்தது. அதுவரை சட்டபூர்வமான திருமணத்திற் பிறந்த பிள்ளைக்குத் தந்தையின் பிரஜாவுரிமையே செல்லும். 2003 ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின்னரே தாய் வழியாலும் வம்சாவழிப் பிரஜாவுரிமை கிடைக்கலாயிற்று. அதே ஆண்டில் இயற்றப்பட்ட 35 ஆம் இலக்கச் சட்டத்தினால், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவழியினருக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை வழங்க வழி பிறந்தது. மாமா அப்போது இங்கே இல்லை. கப்பலேறிப் போய் முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன.

மூன்று பத்திரங்களையும் விண்ணப்பித்துத் திருத்தி ஒன்றாக்கிவிடலாமா என்று தம்பி கேட்டார். வேண்டாம் என்றேன். 1956 இல் ஒருவர் என்ன அறிந்திருந்தார், 1958 இல் ஒருவர் எதைச் சொன்னாற் போதும் என்று நினைத்தார், 1965 இல் அதே மனிதர் எதற்குப் பயந்தார் என்பவை அவற்றில் எழுதப்பட்டிருக்கின்றன. திருத்தினால் இவை மறைந்துபோகும்.

ஆனால் இளையவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இலங்கையில் இன்று ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் மருத்துவமனைகளிலேயே பிறக்கின்றன. அது நல்லது, தாய்மாரும் சிசுக்களும் உயிர் பிழைக்கிறார்கள். எனினும் கதிரவெளித் தாய்க்குப் பிறந்த பிள்ளையும் கிண்ணையடித் தாய்க்குப் பிறந்த பிள்ளையும் பதிவில் ஒரே ஊரிலேயே பிறக்கின்றன: மட்டக்களப்பு, அல்லது வாழைச்சேனை. இவற்றோடு போர்க்காலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1981 க்குப் பின்னர் நாடு முழுவதையும் உள்ளடக்கிய குடிசன மதிப்பீடு 2012 இலேயே நடந்தது. 2001 இல் எடுத்த மதிப்பீடு எங்கள் மாவட்டத்தில் முழுமை பெறவில்லை. அந்த முப்பத்தொரு ஆண்டுகளில் இடம்பெயர்ந்து, முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் பிறந்த பிள்ளைகள் எத்தனையோ. அவர்களுடைய பேரர்கள் ஒருநாள் எங்களைப்போலத் தேடத் தொடங்குவார்கள். அவர்கள் கையில் அகப்படுவது ஒரு மருத்துவமனையின் பெயராக இருக்கும்.

தம்பியின் மகளுக்கு ஒரு தாளில் எழுதி அனுப்பியிருக்கிறேன். அப்பப்பாவின் தாய், கிண்ணையடி. அப்பாவின் தாய், வாழைச்சேனை. எங்கள் தாய், பேத்தாழை. ஒவ்வொருவரின் பெயரையும், தெரிந்த அளவில் அவர்களுடைய தாயின் பெயரையும், குடியையும் எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே அவளுடைய தாயின் பெயரை எழுதி, ஊர் எழுதும் இடத்தை மட்டும் விட்டிருக்கிறேன். அதை அவள் தன் அம்மாவிடம் கேட்டு எழுத வேண்டும். அம்மா இப்போது அங்கே அவளோடுதான் இருக்கிறார். கேட்பதற்கு ஒரு தொலைபேசி அழைப்பும் தேவையில்லை.